ஓசூர் ரோஜா, சந்தூர் மாம்பழம், தகடூர் நெல்லி

வெள்ளி இரவு, ஓசூர்

பூவும் பழமும் மட்டுமே இருக்கும் ஓவியங்கள் மேல் எனக்குத் தீராத பிரியம். ஆள் இல்லை, சண்டை இல்லை, சாமி இல்லை. ஒரு மேசை, ஒரு குவளை, நாலைந்து கனிகள், ஓரமாக ஒரு பூச்சி. அவ்வளவுதான். ஐரோப்பிய ஓவிய உலகம் இந்த வகைக்குக் கொடுத்தது கடைசி வரிசை. 1667இல் பாரிஸ் ஓவிய அகாடமிக்காக அந்திரே ஃபெலிபியன் என்ற கலை எழுத்தாளர் ஓவியங்களைத் தரம் பிரித்தபோது, வரலாற்றுக் காட்சி வரைபவரை உச்சியில் ஏற்றினார். பழமும் பூவும் வரைபவரை அடியில் வைத்தார். அந்த வரிசையை நான் ஒருநாளும் ஏற்றதில்லை. குதிரை மேல் அரசர்கள் வரும் எத்தனையோ பெரிய ஓவியங்கள் யார் நினைவிலும் இல்லை. இத்தாலிய ஓவியர் காரவாஜியோ 1600ஐ ஒட்டி வரைந்த ஒரு பழக்கூடை, மிலானின் அம்ப்ரோசியானா ஓவியக்கூடத்தில், வருகிறவர்களை இன்றும் நிறுத்தி வைக்கிறது.

சேலத்தில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித்தருகிறேன். பயிற்சிக்கு வைப்பதெல்லாம் மெழுகு ஆப்பிள், பிளாஸ்டிக் திராட்சை. நான் படித்தபோதும் அதுதான். வாடாது, அழுகாது, ஒவ்வொரு வருடமும் அதையே தூசி தட்டி வைக்கலாம். ஆனால் வாடாத பூவையும் அழுகாத பழத்தையும் வைத்து இந்த ஓவியத்தைக் கற்றுக்கொடுக்கவே முடியாது என்று நினைக்கிறேன். அதனால் கோடை விடுமுறை முடிவதற்குள் வரைபுத்தகத்தோடு கிளம்பிவிட்டேன். பேருந்தில் இரண்டு மணி நேரம் போனால் கிருஷ்ணகிரி, மாம்பழ மாவட்டம். அதைத் தாண்டினால் ரோஜா. இந்த ஊர்ப் பூவையும் பழத்தையும் ஒரே தட்டில் வைத்து வரைய வேண்டும்.

காலையிலேயே ஓசூருக்கு வெளியே ஒரு பசுமைக்குடிலுக்குப் போயிருந்தேன். தெரிந்தவர் ஒருவர் அங்கே மேற்பார்வையாளர். வெள்ளைப் பாலித்தீன் கூரைக்கடியில் வரிசை வரிசையாக ரோஜா. பெரும்பாலும் தாஜ்மஹால் ரகம், கருஞ்சிவப்பு. மொட்டு ஒவ்வொன்றுக்கும் வலை உறை மாட்டியிருக்கிறார்கள், இதழ் பிரியாமல் இருக்க. விடியற்காலையில் வெட்டி, வாளித் தண்ணீரில் நிறுத்தி, குளிர் அறைக்கு அனுப்புகிறார்கள். அங்கே தண்டின் நீளம் பார்த்துத் தரம் பிரித்து, இருபது இருபதாகக் கட்டுப்போடுகிறார்கள். பிப்ரவரி 14க்கு முன்னால் வரும் இரண்டு வாரம்தான் அவர்களுக்கு அறுவடைத் திருவிழா. வெளிநாட்டுக்கு விமானம் ஏறும் பூ அது.

"நல்லா விரிஞ்ச பூ ஒண்ணு கிடைக்குமா?" என்று கேட்டேன்.

"விரிஞ்சதா? விரிஞ்சா அது கழிவுதான் சார். பின்னாடி கிடக்கும், எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கங்க."

குடிலின் பின்பக்கம் குப்பையாகக் கிடந்தன விரிந்த ரோஜாக்கள். வெளியிதழ் பின்னோக்கி மடங்கி, விளிம்பு பழுப்பேறி, நடுவில் மகரந்தத் தூள் தெரிய. ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். வெளியிதழின் பின்புறம் சிவப்பே இல்லை, அழுக்கு வெள்ளையும் பச்சையும் கலந்த நரம்புகள். காம்போடு சேருமிடத்தில் மட்டும் மங்கிய மஞ்சள். இதை வரையத்தான் டச்சு ஓவியர்கள் உயிரைக் கொடுத்தார்கள்! அவர்கள் ஓவியங்களில் மொட்டு ஓரமாகத்தான் இருக்கும். நடுநாயகம் முழுக்க விரிந்து, தலை கனத்துத் தொங்கும் ரோஜாதான். அடுத்த நொடி ஒரு இதழ் விழப்போகிறது என்று பார்ப்பவருக்குத் தெரியவேண்டும். அந்த நொடிதான் ஓவியத்தின் பொருள்.

ராகெல் ரைஷ் என்று ஆம்ஸ்டர்டாமில் ஒரு பெண் ஓவியர் இருந்தார் (1664–1750). அப்பா தாவரவியலும் உடற்கூறும் அறிந்தவர். அவர் சேர்த்து வைத்த பூச்சிகளையும் செடிகளையும் பார்த்து வளர்ந்தவர். பத்துப் பிள்ளைகளைப் பெற்று, எண்பது கடந்தும் வரைந்தார். கடைசிக் கால ஓவியங்களில் கையெழுத்தோடு வயதையும் எழுதினார். பூ வாடுவதை வாழ்நாள் முழுக்க வரைந்தவர் தன் வயதை ஒளிக்காமல் ஓரத்தில் எழுதிவைத்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும்.

இன்னொருவர் யான் ஃபான் ஹைசம். 1742இல் ஓவியம் கேட்டிருந்தவருக்குக் கடிதம் எழுதுகிறார்: மஞ்சள் ரோஜா கிடைக்கவில்லை, கிடைத்திருந்தால் முடித்திருப்பேன் என்று. பூ பூக்கும்வரை காத்திருந்து வரைந்ததால் அவருடைய ஓவியம் ஒன்றில் 1736, 1737 என்று இரண்டு வருடங்கள் எழுதியிருக்கும். அது லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் (நேஷனல் கேலரி) இருக்கிறது. அவர் தேடிய மஞ்சள் ரோஜா இந்தக் குடிலில் பக்கத்து வரிசையிலேயே நிற்கிறது, வருடம் முழுவதும். பருவம் என்பதே இல்லாமல் போன இடம் இது.

குளிர் அறையில் நின்றுகொண்டு இன்னொன்றும் யோசித்தேன். இங்கே நடும் ரோஜா ரகங்களில் பல ஹாலந்தில் உருவானவை. அந்த நாட்டில் பூ எப்போதுமே பணம்தான். 1637 பிப்ரவரியில் துலிப் கிழங்கின் விலை ஒரேயடியாக விழுந்ததே, அந்தக் காலத்து ஓவியங்களில் வெள்ளை மேல் சிவப்புத் தீற்றலோடு நிற்கும் துலிப்தான் அன்று மிக விலை உயர்ந்தது. அந்தத் தீற்றல் ஒரு வைரஸ் நோயால் வந்தது என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தெரிந்தது. செடியை மெல்ல மெல்லப் பலவீனமாக்கும் நோய். அழகு என்று எல்லோரும் விலை பேசியது நோயின் கோலத்தை!

குப்பையிலிருந்து எடுத்த பூ அறையில் தம்ளர் தண்ணீரில் இருக்கிறது. வரைந்துகொண்டிருக்கும்போதே இரண்டு இதழ் உதிர்ந்துவிட்டது. அதையும் வரைந்தேன்.

சனி, சந்தூர்

கிருஷ்ணகிரியிலிருந்து போச்சம்பள்ளிப் பக்கம் போகும் பாதையில் சந்தூர். மாங்கன்றுக்குப் பேர்போன ஊர். சாலையின் இருபுறமும் கறுப்புப் பாலித்தீன் பைகளில் ஒட்டுக் கன்றுகள், ஒவ்வொன்றிலும் ஒட்டுப் போட்ட இடத்தில் வெள்ளை நாடா. வெளிமாநில லாரிகள் ஏற்றிக்கொண்டு போகின்றன.

தோட்டம் இன்னும் உள்ளே. அல்போன்சா முடிந்துவிட்டது, செந்தூரா கடைசிக் கட்டம், மல்கோவா கொஞ்சம், பெங்களூரா இப்போதுதான் பறிக்கத் தொடங்கியிருக்கிறார்கள், நீலம் இனிமேல். பெங்களூராவைத்தான் நாம் கிளிமூக்கு என்போம். உப்பும் மிளகாய்த் தூளும் போட்டுக் கீறி விற்கும் அதே காய். இங்கே விளைவதில் பெரும்பகுதி அதுதான், கூழ் ஆலைக்குப் போவது.

தோட்டக்காரர் எழுபதைத் தொடும் பெரியவர். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று சொன்னதும், கூடையில் கைவிட்டு, பொறுக்கிப் பொறுக்கி நாலு செந்தூரா எடுத்துக் கொடுத்தார். தோள் பக்கம் நல்ல சிவப்பு, கீழே மஞ்சள், ஒரு புள்ளி கிடையாது. நான் அவற்றை வாங்கி வைத்துவிட்டு, மரத்தடியில் ஒதுக்கிப் போட்டிருந்ததில் ஒன்றை எடுத்தேன்.

அந்தப் பழத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். காம்பை ஒட்டிப் பால் வழிந்த தடம், கறுத்து ஒரு கோடாக இறங்கியிருந்தது. மாம்பால் தோலைப் பொசுக்கிவிடும். அதனால்தான் காம்போடு பறித்து, கவிழ்த்து வைத்துப் பாலை வடியவிடுகிறார்கள். இதில் அது நடக்கவில்லை. தோல் முழுக்க வெளிர் புள்ளிகள். தூரத்திலிருந்து பார்த்தால் சிவப்பாகத் தெரிவது, கிட்டத்தில் இந்தப் புள்ளிகளைச் சுற்றி மட்டும் கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறது. வயிற்றுப் பக்கம் ஊசிமுனை அளவு ஒரு துளை. துளையைச் சுற்றி நீர் கோத்த பழுப்பு வட்டம். விரலால் அழுத்தினால் அந்த இடம் மட்டும் உள்ளே போகிறது.

"அது ஈ குத்தினது வாத்தியாரே. உள்ள புழு இருக்கும். அதைப் போய் ஏன் எடுக்கறீங்க?"

பழ ஈ தோலுக்கடியில் முட்டை வைக்கும். வெளியே துளை மட்டும் தெரியும். மரங்களில் தொங்கும் பாட்டில்கள் அதைப் பிடிக்கத்தான். ஆண் ஈக்களை வாசனை காட்டி இழுக்கும் பொறி.

அவருக்குக் காரவாஜியோவின் கூடையைச் சொன்னேன். கைபேசியில் படத்தையும் காட்டினேன். கூடையின் முன்னால், கண்ணுக்கு நேராக இருக்கும் ஆப்பிளில் புழுத் துளை. வலப்பக்க இலைகள் காய்ந்து சுருண்டிருக்கின்றன. திராட்சையில் சில மணிகள் வதங்கிவிட்டன. கூடையின் அடிப்பாகம் மேடையின் விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, இப்போதே நம் கையில் விழும் போல. அந்தக் கூடை கார்டினல் ஃபெடரிகோ பொரோமேயோவிடம் இருந்தது. அவர் மதத் தலைவர், ஆனால் அந்தப் படத்தில் சிலுவையும் இல்லை, சாவை நினைவூட்ட வைக்கும் மண்டையோடும் இல்லை. புழுத் துளை போதும் என்று ஓவியருக்குத் தெரிந்திருந்தது. "மாயை, மாயை, எல்லாம் மாயை" என்று பைபிளில் பிரசங்கி சொல்வதை ஒரு ஆப்பிள் சொல்லிவிட்டது.

பெரியவர் படத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தார். "இது சரிதான். ஆனா எங்க தோட்டத்துப் பழம்னு சொல்லிக் குத்தினதை வரைஞ்சீங்கன்னா, கெட்ட பேரு எங்களுக்கில்ல? நல்லதையும் பக்கத்துல வைங்க." நியாயம். அப்படியே செய்தேன். வைத்துப் பார்த்தபோது அவர் சொன்னதால் ஓவியமும் பலம் பெற்றது. பழுதில்லாத பழம் பக்கத்தில் இருந்தால்தான் துளை கண்ணில் படுகிறது.

இந்தப் படங்களில் உள்ள ஒவ்வொரு பொருளும் ஒரு குறிப்பு என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. திராட்சை என்றால் திருவிருந்து, மாதுளை என்றால் உயிர்த்தெழுதல், பட்டாம்பூச்சி என்றால் ஆன்மா, பாதி உரித்த எலுமிச்சை என்றால் பார்வைக்கு இனிப்பு, நாக்குக்குப் புளிப்பு. அப்படியெல்லாம் இல்லை, டச்சுக்காரர்கள் உலகத்தைக் கண்ணால் அளந்து பதிவுசெய்தார்கள், அவ்வளவுதான் என்று 1980களில் கலை வரலாற்று அறிஞர் ஸ்வெட்லானா ஆல்பர்ஸ் வாதாடினார். ஈ குத்திய செந்தூராவை மூன்று மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்த பிறகு எனக்குத் தோன்றுவது இது: முதலில் அது துளை. துளையைத் துளையாக, அதன் நீர் கோத்த விளிம்போடு வரைந்தால்தான் அதில் சாவு தெரியும். சாவை வரைகிறேன் என்று தொடங்கினால் துளையும் வராது, சாவும் வராது.

மதியம் பெரியவர் வீட்டில் சாப்பாடு. பேச்சு பெங்களூரா விலைக்குப் போய்விட்டது. காய்ப்பு அதிகமான வருடங்களில் ஆலைக்காரர்கள் விலையை இறக்கிவிடுகிறார்கள். பறிகூலி, வண்டி வாடகைக்குக்கூடக் கட்டாமல் மரத்திலேயே விட்டுவிட்ட வருடங்கள் உண்டு என்றார். டச்சு ஓவியர் யான் டாவிட்ஸ் டெ ஹேம் வரைந்த விருந்து மேசைகள் நினைவுக்கு வந்தன. பழம் தட்டில் கொள்ளாமல் வழிந்து விரிப்பின் மேல் உருளும். வணிகர்கள் வீட்டுச் சாப்பாட்டு அறையில் மாட்டிக்கொண்டார்கள், செல்வத்துக்குச் செல்வம், எச்சரிக்கைக்கு எச்சரிக்கை. அந்த மேசையை வரைந்தவர்கள் பழத்தை வாங்குபவரின் பக்கம் நின்றவர்கள். மரத்தடியில் குவிந்து நொதிக்கும் பெங்களூராவை யாராவது விளைவித்தவரின் பக்கம் நின்று வரைந்தால், நிறைவு என்பதற்கு அந்தப் படத்தில் வேறு பொருள் இருக்கும். அதை நான் வரைய வேண்டும். சிறிய தாளில் ஆகாது.

ஞாயிறு, கிருஷ்ணகிரி

முகூர்த்த நாள். தங்கியிருந்த விடுதி முழுக்கக் கல்யாண வீட்டார். கீழே மண்டபத்தில் சீர்வரிசைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள், அனுமதி கேட்டு ஓரமாக உட்கார்ந்து வரைந்தேன்.

ஒரு தட்டில் ஆப்பிள், ஒன்றில் ஆரஞ்சு, மாதுளை, சீப்பு சீப்பாக வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், கற்கண்டு. எண்ணிக்கை ஒற்றைப்படையாக வர வேண்டும். ஒரு பெரியம்மா எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்தார். மாதுளைத் தட்டைப் பின்வரிசைக்குத் தள்ளிய பெண்ணிடம், "அத முன்னாடி வை கண்ணு, வம்சம் விளங்கணும்" என்றார். சீனத்திலும் மாதுளைக்கு இதே பொருள்தான், விதை நிறைந்தது, பிள்ளைச் செல்வம். வாசலில் மாவிலையும் தேங்காயும் வைத்த பூரண கும்பம். இதையெல்லாம் வரிசையாகப் பார்க்கும்போது ஸ்பானிய ஓவியர் சுர்பரான் 1633இல் வரைந்த படம் கண்முன் வந்தது: தட்டில் எலுமிச்சை, கூடையில் பூவோடு ஆரஞ்சு, வெள்ளித் தட்டில் ஒரு கோப்பைத் தண்ணீரும் ஒரு ரோஜாவும். இருண்ட பின்புலத்தில் மூன்றும் ஒன்றையொன்று தொடாமல், படையல் போல நிற்கும். எதை எங்கே வைப்பது, எதற்குப் பக்கத்தில் எதை வைப்பது என்பதில் நம் பெரியம்மாக்களுக்கு இருக்கும் உறுதி எந்த ஓவியப் பள்ளியிலும் வராது.

ஒரு மனத்தாங்கல் மட்டும். மாம்பழத்துக்கே கண்காட்சி நடத்தும் ஊர் இது. சீர்த்தட்டின் முதல் வரிசையில் ஒட்டுத்தாள் ஒட்டிய வெளிநாட்டு ஆப்பிள்.

திங்கள், தருமபுரி

விடியும் முன்பே பூச்சந்தைக்குப் போய்விட்டேன், பேருந்து நிலையத்துக்குப் பக்கம். சாமந்தி, சம்பங்கி, கனகாம்பரம், அரளி, கோழிக்கொண்டை. தரையெல்லாம் ஈரம். சாமந்தி விற்ற அக்காவிடம் கால் கிலோ வாங்கினேன். கட்டவா, உதிரியா என்று கேட்டார். உதிரி என்றதும் சாமிக்கா, சாவுக்கா என்று கேட்கவில்லை. இரண்டுக்கும் அதே பூதான்.

நமக்குப் பூவைக் குறியாக்குவது புதிதல்ல. ஆநிரை கவரப் போனவர் வெட்சி சூடினார், நேருக்கு நேர் பொருதியவர் தும்பை, வென்றவர் வாகை. தேர்தலில் ஜெயித்தவரை இன்றைக்கும் செய்தித்தாள் "வாகை சூடினார்" என்றுதான் எழுதுகிறது. தொல்காப்பியர் காஞ்சித் திணைக்குச் சொல்லும் பொருள் நிலையாமை, "நில்லா உலகம் புல்லிய நெறித்தே". நிலையாமைக்கென்று ஒரு பூவின் பெயரையே திணையாக வைத்த மொழியில் வரைகிறோம். அப்புறம் எதற்கு மண்டையோட்டையும் மணற்கடிகாரத்தையும் கடன் வாங்குவது?

பிறகு அதியமான்கோட்டை. காலபைரவர் கோயிலில் தேய்பிறை அஷ்டமிக்குச் சாம்பல் பூசணியை இரண்டாக வெட்டிக் குடைந்து விளக்கேற்றுவார்கள். இன்று அஷ்டமி இல்லை, கூட்டமில்லை. பக்கத்தில் அதியமான் கோட்டம், உள்ளே அதியமானும் ஔவையும். தகடூர் என்பது இந்தத் தருமபுரிதான். நெடுமான் அஞ்சி நெல்லிக்கனி கொடுத்த கதை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் புறநானூற்றின் 91ஆம் பாட்டை இன்று அங்கேயே நின்று திரும்பப் படித்தபோது ஒரு வரியில் நின்றுவிட்டேன். பெருமலைப் பிளவில், ஏற முடியாத உச்சியிலிருந்து கொண்டுவந்த "சிறியிலை நெல்லித் தீங்கனி". அதைக் கொடுக்கும்போது அவன் என்ன செய்தான் என்றால், "ஆதல் நின்னகத்து அடக்கி". அதன் பயனைச் சொல்லவில்லை. உண்டால் சாவு நீங்கும் என்பதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு, வெறும் பழமாக நீட்டினான். சொல்லியிருந்தால் ஔவை வாங்கியிருக்க மாட்டார்.

காரவாஜியோவும் சுர்பரானும் செய்ததும் அதையேதான் என்று எனக்குப் படுகிறது. பொருளை அகத்தே அடக்கிக்கொண்டு பழத்தை மட்டும் நீட்டுவது. ஐரோப்பியத் தட்டுகளில் பழம் சாவை நினைவூட்டுகிறது. இங்கே ஒரு பழம் சாவைத் தள்ளிவைக்கிறது, அதையும் ஒருவன் தனக்கென வைத்துக்கொள்ளாமல் கொடுத்துவிடுகிறான். இதைவிடப் பெரிய கனி ஓவியம் எங்கே இருக்கிறது? என் தட்டில் நடுவில் வரவேண்டியது நெல்லிதான்.

இனி நடைமுறை விஷயம். சந்தையில் இன்று தோட்டத்து நெல்லி கிடைத்தது, ஒட்டு ரகம், எலுமிச்சைப் பருமன். அதை வாங்கவில்லை. எனக்கு வேண்டியது மலை நெல்லி, சின்னது, இலையோடும் கொப்போடும். அது இப்போது வராது, மார்கழி தையில்தான் என்று கடைக்காரர்கள் எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். பூ ஓவியர் யான் புருகல் தன் ஊரான ஆன்ட்வெர்ப்பில் கிடைக்காத பூக்களை நேரில் பார்த்து வரைய பிரஸ்ஸல்ஸ் வரை போனதாக 1606இல் பொரோமேயோவுக்கு எழுதினார், அந்தப் பழக்கூடையை வைத்திருந்த அதே பொரோமேயோவுக்கு. புருகலும் அம்ப்ரோசியஸ் போஸ்ஹார்ட் என்ற இன்னொரு பூ ஓவியரும் ஒரே குவளையில் வைத்த பூக்கள் நிஜத்தில் ஒரே மாதத்தில் பூப்பவை அல்ல. ஒவ்வொன்றையும் அதனதன் காலத்தில் பார்த்து வரைந்து சேர்த்தார்கள். போஸ்ஹார்ட் ஒரு பூ ஓவியத்தை ஒப்படைக்க ஹேக் நகருக்குப் போன இடத்தில் 1621இல் இறந்தே போனார்.

அதனால் ரோஜா, இரண்டு செந்தூரா, உதிரிச் சாமந்தி மூன்றையும் வண்ணத்தில் முடித்துவிட்டேன். மார்கழியில் மறுபடி வருவேன். ஓவியத்தில் இரண்டு தேதி போடுவேன். அரூர்ப் பக்கம் சித்தேரி மலையில் நெல்லி மரம் உண்டு என்று பேருந்தில் ஒருவர் சொன்னார். எந்த ஊரில் இறங்கி எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். மரம் ஏற ஆள் வேண்டாம், கைக்கெட்டும் கொப்பு ஒன்று போதும்.